ஹஜ்ரத்தின் அஸர்

கடற்கரைத் தைக்காவில் பிள்ளைகளுக்கு ஓதிக்கொடுத்து, பள்ளியில் தொழுகையும் நடத்திவந்த பெரிய ஹஜ்ரத்துக்கு மறதி வந்துவிட்டது என்பதை ஊர் ஒப்புக்கொள்ள வெகு காலம் பிடித்தது.

முதலில் ஒருநாள் இரவு இஷாத் தொழுகையை நான்கு ரக்அத்துக்குப் பதில் இரண்டிலேயே முடித்து ஸலாம் கொடுத்தார். பின்னால் நின்றவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். பிரயாணத்தில் இருப்பவருக்குத்தான் நான்கு இரண்டாகச் சுருங்கும். வெளியே வந்து செருப்பு மாட்டும்போது, "துனியா வாழ்க்கையே பிரயாணம்தானே. அதைத்தான் ஹஜ்ரத் சொல்லாம சொல்றாங்க" என்றார் ஒருவர். மற்றவர்கள் தலையாட்டினார்கள்.

பிறகு ஒருநாள், மெதுவாக ஓத வேண்டிய லுஹர் தொழுகையில் சத்தமாக ஓதினார். அதற்கும் ஓர் அர்த்தம் கண்டுபிடித்தார்கள்.

ஒரு வெள்ளிக்கிழமை குத்பாப் பேச்சை நடுவில் நிறுத்தி, மேடைப் படியில் நின்றபடி கீழே பார்த்து, "இது எந்த ஊரு?" என்று கேட்டார். அதற்கு மட்டும் யாருக்கும் அர்த்தம் அகப்படவில்லை.

பள்ளியை நிர்வகிக்கும் ஜமாஅத்தார், தொழுகை நடத்த வேறு ஊரிலிருந்து ஓர் இளம் இமாமை அழைத்து வந்தார்கள். ஹஜ்ரத்தின் மனைவி மவுத்தாகி நெடுநாளாயிற்று. ஒரே மகள் குவைத்தில். தைக்காவின் பின்னறையில் ஒரு கட்டில் போட்டு, அவரை அங்கே வைத்தார்கள். பார்த்துக்கொள்ள யார் என்ற பேச்சு எழவே இல்லை. எல்லோரும் உவைஸைத்தான் பார்த்தார்கள்.

உவைஸ் தையல்காரர். பள்ளிவாசல் முக்கில் கடை. நாற்பத்தெட்டு வயது. ஹஜ்ரத்திடம் அவர் குர்ஆன் ஓத வந்ததே முப்பது தாண்டிய பிறகுதான். சின்ன வயதில் தகப்பனாரோடு ஊர் ஊராக அலைந்ததில் ஓதப் படிக்கவே இல்லை. கல்யாணமாகிப் பிள்ளை பிறந்தபின், குழந்தையின் காதில் பாங்கு சொல்லத் தெரியாமல், பள்ளியில் தொழுகைக்கு அழைக்கும் மோதினாரைக் கூப்பிட வேண்டி வந்தது. அந்த வெட்கத்தில் தைக்காவுக்கு வந்து, குழந்தைகள் உரக்க ஓதிக்கொண்டிருந்த ஹாலின் வாசலில் நின்றார். ஹஜ்ரத் எழுந்து வந்தார். ஏன் வந்தாய் என்று கேட்கவில்லை. பின்னறைக்குக் கூட்டிப்போய், கதவைச் சாத்திவிட்டு, முதல் எழுத்தான அலிஃபிலிருந்து தொடங்கினார். உவைஸ் தப்பும் தவறுமாக ஓதியது அந்தக் கதவைத் தாண்டி வெளியே போனதில்லை.

இப்போது அதே பின்னறையில்தான் ஹஜ்ரத்தின் கட்டில்.

சோறு ஊட்டுவது பெரிய வேலையாக இல்லை. குளிப்பாட்டுவதும் துணி மாற்றுவதும்கூடப் பழகிவிட்டன. பழகாதது தொழுகைதான்.

"உவைஸு."

"சொல்லுங்க ஹஜ்ரத்."

"நான் அஸர் தொழுதேனா?"

"தொழுதுட்டீங்க ஹஜ்ரத்."

"எப்போ?"

"இப்பத்தான். நான் பக்கத்துல நின்னேன்."

ஹஜ்ரத் தன் கைகளைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பார். முழங்கையைத் தொட்டு ஈரம் இருக்கிறதா என்று பார்ப்பார்.

"எனக்கு நெனப்பே இல்லியே. நெனப்பில்லாம எப்படித் தொழுதேன்னு சொல்றது? என்னைக் கொஞ்சம் பிடி."

பிடிக்க வேண்டும். குழாயடிவரை நடத்திப்போக வேண்டும். ஒளுச் செய்யும்போது முகம் கழுவியவர் அதை மறந்து மறுபடி முகமே கழுவுவார். "கை, ஹஜ்ரத்" என்று சொல்ல வேண்டும். "தலைக்குத் தடவுங்க. இப்ப கால்." சட்டை நனைந்துவிடும். மாற்ற வேண்டும். பாயை விரித்து, தொழும் திசையான கிப்லாப் பக்கம் தோளைத் திருப்பி, பக்கத்தில் தானும் நிற்க வேண்டும். நின்றால்தான், உவைஸ் குனிவதைப் பார்த்து அவரும் குனிவார். தொழுது முடித்து, ஸலாம் கொடுத்து, அவரைக் கட்டிலில் சாய்த்துவிட்டு உவைஸ் வாசலுக்குப் போவதற்குள்,

"உவைஸு. அஸர் பாங்கு சொல்லியாச்சா?"

சாயங்கால அஸர் மட்டுமல்ல, நண்பகல் லுஹரும் அப்படி. அந்தி மஃரிபும் அப்படி. ஒவ்வொரு வக்துத் தொழுகையும் ஒன்றாக வந்து, பலவாகப் பெருகிப் போனது.

கடையில் வெட்டிய துணி வெட்டியபடியே கிடந்தது. பெருநாளுக்குத் தைக்கக் கொடுத்தவர்கள் முணுமுணுத்தபடி வேறு கடைக்கு எடுத்துப் போனார்கள். வீட்டில் மனைவி சபிய்யா சண்டை எதுவும் போடவில்லை. சாப்பாட்டுத் தட்டை முன்னால் வைத்துவிட்டு, "மச்சான், கண்ணாடியில மூஞ்சியப் பார்த்தீங்களா?" என்று மட்டும் கேட்டாள்.

உவைஸுக்கு இன்னொரு சங்கதி நடந்திருந்தது. அதை யாரிடமும் சொல்லவில்லை. அவருடைய சொந்தத் தொழுகை வற்றிப்போயிருந்தது. தொழத் தக்பீர் கட்டினால் காது பின்னறைப் பக்கம் போய்விடும். ஸஜ்தாவில் நெற்றி தரையில் பட்டால் கண் சொக்கும். முதுகு குனிகிறது, நிமிர்கிறது, அவ்வளவுதான். பாங்குச் சத்தம் கேட்டால் முன்பெல்லாம் கை வேலை தானாக நிற்கும். இப்போது கேட்காததுபோல இருந்துவிடத் தோன்றியது.

இதைக் கேட்க வேண்டிய இடம் ஒன்றுதான் உண்டு. அந்த இடம் சட்டைப் பொத்தானைத் தப்பாகப் போட்டுக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்திருந்தது.

புது இமாம் ஃபைரோஸ் நல்ல பிள்ளை. ஒருநாள் லுஹருக்குப் பிறகு உவைஸை ஓரமாக அழைத்தார்.

"உவைஸ் காக்கா, ஒண்ணு சொன்னா வருத்தப்படக் கூடாது."

"சொல்லுங்க."

"நெனவு தப்பினவங்க மேல தொழுகை கடமை இல்ல. ஹஜ்ரத்துக்கு இப்ப ஒரு வக்துகூடக் கடமை இல்ல. நீங்க ஏன் இப்படிக் கிடந்து அல்லாடணும்?"

"எனக்கும் தெரியும். அவங்கதான் எனக்கு அந்தப் பாடத்தச் சொல்லிக் குடுத்தாங்க."

"அப்புறம்?"

"அவங்க கேக்குறாங்களே."

இமாம் பின்னறைப் பக்கம் திரும்பிப் பார்த்தார். "பாங்கு கேக்குறதாலதான் கேக்குறாங்க. சன்னலைச் சாத்தி வையுங்க காக்கா. தூங்கட்டும். அதுல பாவமில்ல."

பாவமில்லை என்பது உவைஸுக்கும் சரியாகவே பட்டது. அன்று அஸருக்கு முன் பின்னறையின் இரண்டு சன்னல்களையும் சாத்தினார். இடுக்கில் துணியைச் சுருட்டித் திணித்தார். மின்விசிறியை வேகமாக வைத்தார். ஹஜ்ரத் வாய் லேசாகத் திறந்தபடி தூங்கிக்கொண்டிருந்தார். பாங்கு எழுந்தது. அறைக்குள் அது எங்கோ கடலுக்குள் யாரோ கூப்பிடுவதுபோல மட்டும் கேட்டது. ஹஜ்ரத் அசையவில்லை.

உவைஸ் கதவை மெல்லச் சாத்திவிட்டுப் பள்ளிக்கு நடந்தார்.

பல மாதங்களுக்குப் பிறகு அன்றுதான் முதல் வரிசையில் நின்றார். ஜமாஅத்தோடு நிதானமாகத் தொழுதார். யாரும் அவர் கையைப் பிடிக்கவில்லை. தோளோடு தோள் ஒட்டி நின்ற இரண்டு பேரும் தங்கள் கால்களில் தாங்களே நின்றார்கள். ஸலாம் கொடுத்த பிறகும் எழுந்திருக்காமல் தூணில் சாய்ந்தார். கொஞ்ச நேரம் என்றுதான் நினைத்தார். கண்ணை மூடியதுதான் தெரியும்.

மோதினார் வந்து தோளைத் தட்டியபோது முற்றத்தில் வெயில் மஞ்சளாகியிருந்தது.

"உவைஸு, எந்திரி. ஹஜ்ரத் ரூம்புல இல்லியாமே?"

பின்னறைக் கதவு திறந்து கிடந்தது. மின்விசிறி வெறுங்கட்டிலின் மேல் சுற்றிக்கொண்டிருந்தது. குழாயடியில் இல்லை. குழந்தைகள் ஓதும் ஹாலில் இல்லை. உவைஸ் முதலில் கடற்கரைக்குத்தான் ஓடினார். ஏன் அங்கே ஓடினோம் என்று நினைக்கவே அவருக்குப் பயமாக இருந்தது. மணலில் காலடித் தடங்கள் நிறைய இருந்தன. எல்லாம் மீன்காரர்களுடையவை. வலை உலர்த்திக்கொண்டிருந்தவர்கள் பார்க்கவில்லை என்றார்கள்.

பேருந்து நிலையத்தில்தான் கிடைத்தார். சுடலைமுத்துவின் டீக்கடை வாசலில், பெஞ்சில், ஒரு காலில் மட்டும் செருப்போடு உட்கார்ந்திருந்தார். கீழே இறங்கியிருந்த கைலியை யாரோ இழுத்துக் கட்டிவிட்டிருந்தார்கள். கையில் டீ ஆறிப்போயிருந்தது.

சுடலைமுத்து வெளியே வந்தார். "பாய், நல்ல வேளை வந்தீங்க. பஸ்ஸுக்கு நிக்கிற ஆளு, எறங்குற ஆளு, ஒருத்தரையும் விடல. எல்லார்கிட்டயும் கேக்காரு, நான் தொழுதேனா, நான் தொழுதேனான்னு. அவனுவளுக்கு என்ன தெரியும்? ரெண்டு பயலுவ சிரிச்சானுவ. நான்தான் தொரத்திவிட்டேன்."

"உங்ககிட்டயும் கேட்டாங்களா?"

"கேட்டாரு. நான் என்னத்தச் சொல்ல? தொழுதுட்டீங்க சாமின்னேன். என்னைய ஒரு பார்வ பார்த்தாரு பாருங்க. நீ பார்த்தியான்னாரு. நான் வாய மூடிக்கிட்டேன்."

உவைஸ் டீக்குக் காசு எடுத்தார். சுடலைமுத்து கையைத் தள்ளிவிட்டார்.

ஆட்டோவில் திரும்பினார்கள். ஹஜ்ரத் சாலையைப் பார்த்தபடி வந்தார். இடையில் ஒருமுறை உவைஸைத் திரும்பிப் பார்த்து, "நீங்க எந்தப் பக்கம் போறீங்க தம்பி?" என்று கேட்டார்.

உவைஸ் அவரைப் பின்னறைக்குக் கொண்டுவந்து கட்டிலில் உட்கார வைத்தார். செருப்பில்லாத காலில் கல் குத்தியிருந்தது. தண்ணீர் கொண்டுவந்து துடைத்தார். சன்னல் இடுக்கிலிருந்த துணி அப்படியே இருந்தது. காற்றில்லாத அறையில் ஹஜ்ரத்தின் வியர்வை நெடி.

"உவைஸு."

உவைஸ் நிமிரவில்லை.

"நான் அஸர் தொழுதேனா?"

உவைஸின் கை நின்றது. தன் வாயிலிருந்து என்ன வரப்போகிறது என்று அவருக்கே தெரியவில்லை.

"தொழ வேண்டாம் ஹஜ்ரத்."

"ஏன்?"

"உங்க மேல கடமை இல்ல. உங்களுக்கு நெனவு போயிடுச்சு. நெனவு போனவங்க மேல கடமை இல்ல. அஸர் இல்ல, மஃரிப் இல்ல, ஒண்ணுமே இல்ல. அல்லாஹ் உங்கள விட்டுட்டான்! நீங்கதான் என்னைய விடமாட்டேங்கறீங்க!"

சத்தம் சுவரில் மோதித் திரும்பியது. பக்கத்து ஹாலில் ஓதிக்கொண்டிருந்த பிள்ளைகள் சட்டென்று நிறுத்தினார்கள்.

ஹஜ்ரத் அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். கோபம் இல்லை. ஓதும்போது தப்பு விட்ட பிள்ளையைப் பார்க்கும் பார்வையும் இல்லை.

"விட்டுட்டானா?" என்று கேட்டார்.

உவைஸ் தண்ணீர்ச் செம்பை எடுத்துக்கொண்டு வெளியே போய்க் குழாயடியில் நின்றார். செம்பு நிரம்பி வழிந்த பிறகும் குழாயை மூடாமல் நின்றார்.

திரும்பி வந்தபோது ஹஜ்ரத் அதே இடத்தில், அதே மாதிரி உட்கார்ந்திருந்தார். கைகள் மடியில் இருந்தன. எதுவும் கேட்கவில்லை.

உவைஸ் சன்னல் இடுக்கிலிருந்த துணியை உருவினார். இரண்டு சன்னல்களையும் திறந்தார். உப்புக் காற்று உள்ளே வந்தது. கடல் பக்கம் வானம் சிவந்து, சிவப்பும் வடிந்துகொண்டிருந்தது. சற்று நேரத்தில் மஃரிப் பாங்கு எழுந்தது. மோதினாரின் குரல் நேராக அறைக்குள் வந்து விழுந்தது.

ஹஜ்ரத் எழுந்திருக்கவில்லை.

பாங்கு முடிந்தது. உவைஸ் காத்திருந்தார். இந்த நேரத்துக்கெல்லாம் ஹஜ்ரத் கட்டில் விளிம்பைப் பிடித்துக்கொண்டு எழ முயன்றிருப்பார். பிடி பிடி என்று அவசரப்படுத்தியிருப்பார். இத்தனை மாதமாக உவைஸ் ஏங்கியது இப்படி ஓர் அமைதியான சாயங்காலத்துக்குத்தான். கிடைத்ததும் அதன் எதிரே உட்கார முடியவில்லை.

"ஹஜ்ரத், பாங்கு சொல்லிட்டாங்க."

"கேட்டுச்சு."

"மஃரிப் தொழ வேண்டாமா?"

"விட்டுட்டான்னு சொன்னியே."

உவைஸ் கட்டிலருகே தரையில் உட்கார்ந்தார்.

ஹஜ்ரத் குரலைத் தாழ்த்தினார். அறைக்குள் வேறு யாரோ இருப்பதுபோல. "நான் விடலன்னு அவன்கிட்ட யாராவது சொன்னாங்களா?"

உவைஸ் முகத்தைக் கட்டில் சட்டத்தில் வைத்துக்கொண்டார். சத்தம் வராமல் அழ வேண்டும் என்று நினைத்தார். வந்துவிட்டது. ஹஜ்ரத்தின் கை அவர் தலையைத் தேடி வந்து தொப்பியின்மேல் நின்றது.

"யாரு இது?"

"உவைஸ்."

"டெய்லர் உவைஸா?"

"ஆமா ஹஜ்ரத்."

"ஓத வந்தியா?"

உவைஸ் தலையைத் தூக்கினார். எதிரே இருந்த கண்கள் அவரைப் பார்த்துக்கொண்டிருந்தன. எந்த வருஷத்திலிருந்து பார்க்கின்றன என்று தெரியவில்லை. ஆனால் பார்த்துக்கொண்டிருந்தன. எவ்வளவு நேரம் பார்க்கும் என்றும் தெரியவில்லை.

"ஒரு சந்தேகம் கேக்கணும் ஹஜ்ரத்."

"கேளு."

"ரொம்பக் களைச்சுப் போச்சு. தொழ நின்னா நிக்க முடியல."

ஹஜ்ரத்தின் முதுகு கொஞ்சம் நிமிர்ந்தது. பாடம் நடத்தும்போது உட்காரும் உட்காரல் அது. மனைவியின் பெயர் போயிருந்தது, ஊரின் பெயர் போயிருந்தது. பாடம் இன்னும் இருந்தது.

"நிக்க முடியலன்னா உக்காந்து தொழு."

"உக்காரவும் முடியலன்னா?"

"ஒருக்களிச்சுப் படுத்துத் தொழு."

"அதுவும் முடியலன்னா?"

"தலையால சைகை பண்ணு."

"தலையும் அசையலன்னா?"

"கண்ணால."

"கண்ணும் முடியலன்னா?"

"மனசுக்குள்ள தொழு. மனசுக்குள்ள நில்லு, மனசுக்குள்ள குனி."

கிதாபில் அவ்வளவுதான். அந்தப் பாடம் அங்கே முடிந்துவிடும். எத்தனையோ பிள்ளைகளுக்கு அவர் இந்த இடத்தில் புத்தகத்தை மூடியிருக்கிறார்.

வெளியே பள்ளியில், தொழுகை தொடங்க இகாமத் சொல்லும் குரல் கேட்டது. வரிசை கட்டுகிறார்கள்.

"ஹஜ்ரத்," என்றார் உவைஸ். "மனசும் போயிட்டா?"

ஹஜ்ரத் நெற்றியைச் சுருக்கினார். எங்கோ வைத்த ஒன்றைத் தேடுகிறவர்போலச் சுவரைப் பார்த்தார், தன் கைகளைப் பார்த்தார், திறந்திருந்த சன்னலைப் பார்த்தார். மறந்துவிட்டார் என்றே உவைஸ் நினைத்தார். கேட்டிருக்கக் கூடாது என்றும் நினைத்தார். எழுந்து போக முழங்காலில் கை ஊன்றினார்.

"உவைஸு."

"ஹஜ்ரத்."

"பக்கத்துல ஒருத்தர் நிப்பாங்கல்ல," என்றார் ஹஜ்ரத். "அவங்க குனியறப்போ நீயும் குனி."